இந்தக் காலத்துப் பசங்க, அந்தக் காலத்துப் பெரியவங்க: டிரஸ், முடி, போன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்விகள் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் இருக்கு. பேரன் கேக்குறதும் இருக்கு, தாத்தா கேக்குறதும் இருக்கு, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற அப்பா அம்மா கேக்குறதும் இருக்கு.

"எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு"ங்கிற பேச்சு எப்போ ஆரம்பிச்சது?

எழுத்துன்னு ஒண்ணு வந்த நாள்லேர்ந்தே இருக்குன்னு சொல்லலாம். 2300 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் இளவட்டங்களைப் பத்தி எழுதினார், எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க, எதைச் செஞ்சாலும் அளவு மீறித்தான் செய்வாங்கன்னு. ஆனா அதோட நிறுத்தல, அடுத்தாப்ல வயசானவங்களையும் எடுத்துக்கிட்டார், இவங்க இனி வரப்போறதை நினைச்சு வாழறதில்ல நடந்து முடிஞ்சதை நினைச்சே வாழறாங்க, அதான் வாய் ஓயாம பழங்கதை பேசுறாங்கன்னு. ரோம் நாட்டுக் கவிஞர் ஹொரேஸ் சொன்ன கிழவரும் இதே ஆள்தான், தான் சின்னப் பையனா இருந்த காலத்தைப் புகழ்ந்துக்கிட்டே இருப்பார், இளசுகளைப் பாத்தா திருத்த ஆரம்பிச்சிடுவார்.

1816ல லண்டன்ல அரச குடும்பத்து விருந்துல வால்ட்ஸ் நடனம் ஆடினாங்க. ஆணும் பெண்ணும் இவ்ளோ நெருக்கமா நின்னு ஆடுறது அசிங்கம், இதை வீட்டுக்குள்ள விடாதீங்கன்னு டைம்ஸ் பத்திரிகை பெத்தவங்களை எச்சரிச்சு எழுதுச்சு. இன்னைக்கு அதே வால்ட்ஸ்தான் பழைய பாணி, கண்ணியமான நடனம்னு பேர் வாங்கிட்டு நிக்குது.

சாக்ரடீஸே "இந்தக் காலத்துப் பசங்க சொகுசுக்கு அடிமை, பெரியவங்களுக்கு மரியாதை தர்றதில்ல"ன்னு சொன்னாராமே?

அவர் சொல்லல. 1907ல கென்னத் ஜான் ஃப்ரீமன்னு ஒருத்தர் பழைய கிரேக்கக் கல்வி பத்தி எழுதின ஆய்வுல, அந்தக் காலத்துப் புலம்பலையெல்லாம் தன் சொந்த வார்த்தைல சுருக்கி எழுதியிருந்தார். அது கை மாறி கை மாறி சாக்ரடீஸ் வாய்ல போய் உக்காந்துடுச்சு. ஃபார்வர்டு பண்ணாதீங்க.

சரி, எல்லாக் காலத்துலயும் சொன்னாங்கங்கிறதுக்காக பொய்னு ஆயிடுமா? நிஜமாவே பசங்க கெட்டுப் போயிருக்கலாம்ல?

நியாயமான கேள்வி. 2019ல ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர்னு ரெண்டு பேர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வச்சு இதைத்தான் சோதிச்சாங்க. வந்த முடிவு ரொம்ப சுவாரசியம். நிறைய புத்தகம் படிச்ச பெரியவங்கதான் "இப்பத்த பசங்க படிக்கிறதே இல்ல"ன்னு அதிகமா சொன்னாங்க, அதிகாரத்துக்கு அடங்கி நடக்கணும்னு நினைக்கிறவங்கதான் "மரியாதை குறைஞ்சு போச்சு"ன்னு அதிகமா சொன்னாங்க. அதாவது நாம எதுல கெட்டிக்காரங்களோ அதுலதான் அடுத்த தலைமுறை மக்கா தெரியுது. ஏன்னா சின்ன வயசுல நம்ம கூட இருந்த பசங்களை நினைச்சுப் பாக்கும்போது, இன்னைக்கு நாம இருக்கிற நிலைமையைத்தான் அவங்க மேல போட்டுப் பாக்குறோம். நான் புத்தகப் பிரியன், அதனால என் வகுப்புல எல்லாருமே படிச்ச மாதிரி ஒரு ஞாபகம். உண்மைல கடைசி பெஞ்சுல பாதிப் பேர் அன்னைக்கும் படிக்கல.

இன்னொண்ணு. அமெரிக்காவுல ஸ்கூல் பசங்களோட பழக்கத்தை வருஷா வருஷம் கணக்கெடுக்கிறாங்க. 1997ல 12ஆம் வகுப்பு பசங்கள்ல, கடைசி ஒரு மாசத்துல சிகரெட் பிடிச்சவங்க 36 சதவீதத்துக்கும் மேல. 2023ல அது 3 சதவீதத்துக்கிட்ட வந்திருச்சு. தலைமுடி நீலக் கலர்ல இருக்கு, ஆனா கைல சிகரெட் இல்ல. வேப்ங்கிற எலக்ட்ரானிக் சிகரெட் பிடிக்கிற பழக்கம் புதுசா வந்திருக்கு, அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கல. ஆனாலும் மொத்தமா கெட்டுப் போச்சுன்னு சொல்றதுக்கு ஆதாரம் பத்தாது.

எனக்குப் பழைய டிரஸ், பழைய பாட்டுதான் அழகா இருக்கு. அது நிஜமாவே அழகு இல்லயா?

அழகுதான், யார் இல்லன்னா. ஆனா கண்ணுக்குப் பழகப் பழகத்தான் எதுவும் பிடிக்கும், ராபர்ட் ஜயான்ஸ்ங்கிற உளவியலாளர் 1968லயே இதை நிரூபிச்சிட்டார், அர்த்தமே புரியாத எழுத்தைக்கூட திரும்பத் திரும்பக் காட்டினா ஜனங்களுக்குப் பிடிச்சுப் போகுது. அதோட சுமார் 10 வயசுலேர்ந்து 30 வயசு வரைக்கும் நடந்ததுதான் மனுஷனுக்குக் கடைசி வரை பளிச்சுன்னு ஞாபகம் இருக்கும்னு ஞாபகசக்தியை ஆராயுறவங்க சொல்றாங்க. அந்த வயசுல போட்ட சட்டை, கேட்ட பாட்டு, வெட்டிக்கிட்ட முடி எல்லாம் நம்ம இளமையோட சேந்து மனசுல ஒட்டிக்குது. அதை ஒருத்தன் பழசுன்னு சொன்னா நம்மளையே தள்ளிவிட்ட மாதிரி சுருக்குங்குது. இந்த வலியை பசங்க புரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஜேம்ஸ் லேவர்னு ஒரு ஆங்கிலேயர், உடை வரலாறே அவர் தொழில். 1937ல ஒரு வரிசை போட்டார். ஒரு உடை அதோட காலத்துக்கு 10 வருஷம் முன்னாடி வந்தா ஆபாசம், ஒரு வருஷம் முன்னாடி வந்தா துணிச்சல், அந்தந்த காலத்துல ஸ்டைல், 10 வருஷம் கழிச்சு பாக்கச் சகிக்காது, 20 வருஷத்துல கேலிக்கூத்து, 50 வருஷத்துல வித்தியாசம், 100 வருஷத்துல காதல் கதை மாதிரி, 150 வருஷத்துல பேரழகு. உங்க பழைய பெல்பாட்டம் இப்போ பேத்தி கால்ல இருக்குன்னா இதான் காரணம்.

கிழிஞ்ச ஜீன்ஸ். இதை எப்படிங்க பொறுத்துக்கிறது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விரிவா பதில் சொல்றேன், ஏன்னா இதுல பெரியவங்க பக்கம் இருக்கிற நியாயத்தை யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

முதல்ல ஜீன்ஸோட கதை. 1873ல ஜேக்கப் டேவிஸ், லீவை ஸ்ட்ராஸ் ரெண்டு பேரும் பேட்டன்ட் வாங்கினது வேலையாட்களுக்கான பேன்ட்டுக்கு. பாக்கெட் ஓரம் சீக்கிரம் கிழியுதுன்னு செம்பு ரிவெட், அதாவது சின்ன ஆணி, அடிச்சாங்க. அதாவது கிழியக் கூடாதுன்னு கண்டுபிடிச்ச துணி. 1950கள்ல அமெரிக்காவுல பல ஸ்கூல்ல இதைப் போட்டுட்டு வரக்கூடாதுன்னு தடை இருந்துச்சு, ரவுடிப் பசங்க போடுறதுன்னு பேர். இன்னைக்கு ஆபீஸ் மேனேஜரே ஜீன்ஸ்லதான் வர்றார்.

இப்போ கிழிசலுக்கு வருவோம். நம்ம வீட்டுப் பெரியவங்கள்ல நிறைய பேர் ஒரே சட்டையை ஒட்டுப் போட்டு, அண்ணன் போட்டதைத் தம்பி போட்டு வளந்தவங்க. கிழிஞ்ச துணி போட்டா அன்னைக்கு அது வறுமைன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்கூல்ல நாலு பேர் பாத்துச் சிரிப்பாங்க. அந்த அவமானம் நம்ம பிள்ளைக்கு வரக்கூடாதுன்னுதான் ராப்பகலா உழைச்சாங்க. அப்படி உழைச்ச மனுஷன் முன்னாடி பேரன் முழங்கால் தெரியிற பேன்ட்டோட வந்து நின்னு, இது நல்ல துணியை விட விலை ஜாஸ்தி தாத்தான்னு சொன்னா, அவருக்குக் கோவம் வராம என்ன பண்ணும்? அது ரசனை இல்லாத கோவம்னு பசங்க நினைச்சுடுறாங்க. அது பட்ட வலி. பேரனுக்கோ கிழிசல்னா வெறும் டிசைன், வறுமையை அவன் பாத்ததே இல்ல, பாக்க விடாம வளத்ததே அந்தத் தாத்தாதான்.

"நல்ல துணியை ஏன்டா பாழாக்குற"ன்னு அவர் கேக்குறதுல இன்னொரு உண்மையும் இருக்கு. ஜீன்ஸை வெளுத்துப் போன மாதிரி காட்டுறதுக்கு மணலை வேகமா பீச்சியடிக்கிற முறை ஒண்ணு இருந்துச்சு. அந்தத் தூசு நுரையீரல்ல போய் சிலிக்கோசிஸ்ங்கிற நுரையீரல் நோய் வந்து துருக்கில தொழிலாளிங்க செத்தாங்க, 2009ல அந்த நாடே அந்த முறையைத் தடை பண்ணிடுச்சு. ஒரு காட்டன் டீ-ஷர்ட்டுக்குப் பருத்தி விளையுறதுலேர்ந்து கணக்குப் போட்டா சுமார் 2700 லிட்டர் தண்ணி செலவாகுது. 2000த்துலேர்ந்து 2015க்குள்ள உலகத்துல துணி உற்பத்தி ஏறத்தாழ ரெட்டிப்பாச்சு, ஆனா ஒரு துணியை எத்தனை தடவ போடுறோம்ங்கிறது குறைஞ்சு போச்சு. 2013 ஏப்ரல் 24ல வங்கதேசத்துல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1134 பேர் செத்தாங்க, உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைச்சுக்கிட்டு இருந்தவங்க. அதனால ரெண்டு தடவ போட்டுத் தூக்கிப் போடுற பழக்கத்தைப் பாத்து பாட்டி முகம் சுளிச்சா, தயவுசெஞ்சு அதைப் பழைய பஞ்சாங்கம்னு தள்ளாதீங்க. சுற்றுச்சூழல் பத்தி இவ்ளோ பேசுற இளைஞர்களுக்கும், ஊசி நூல் எடுத்துத் தைச்சுக்குடுக்கிற பாட்டிக்கும் சேந்து பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

பையன் முடி வளக்குறான், கலர் அடிக்கிறான், டாட்டூ போடணும்ங்கிறான். எதுக்கு சம்மதிக்கலாம்?

முடி வளரும், கலர் போயிடும். அதுக்கு ஒரு சண்டை தேவையே இல்ல. ஹேர் டை சிலருக்கு அலர்ஜி ஆகும், பாக்கெட்லயே போட்டிருக்கும், 48 மணி நேரம் முன்னாடி கைல கொஞ்சம் தடவிப் பாக்கச் சொல்லுங்க, அவ்ளோதான்.

டாட்டூ புதுசு இல்ல. ஆல்ப்ஸ் மலைப் பனில கிடைச்ச ஓட்ஸின்னு பேர் வச்ச, 5000 வருஷத்துக்கும் பழைய மனுஷ உடம்புல 61 டாட்டூ இருந்துச்சு. ஆனா இது நிரந்தரம், அதனால யோசிக்கச் சொல்றது தப்பில்ல. லேசர்ல எடுக்கணும்னா பல தடவ போகணும், வலிக்கும், முழுசா போகும்னு உத்தரவாதமும் இல்ல. போட்டா ரத்த தானம் பண்ண சில மாசம் காத்திருக்கணும், நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஊசி புதுசா, இடம் சுத்தமான்னு பாக்கணும், மஞ்சள் காமாலைக் கிருமி ஊசி வழியா பரவும். "ஒரு வருஷம் கழிச்சும் இதே டிசைன் வேணும்னா போட்டுக்கோ"ன்னு சொல்லிப் பாருங்க, நிறைய பேர் தானாவே மனசு மாத்திப்பாங்க. மாத்திக்கலன்னா அது அவங்க உடம்பு.

பையன் கம்மல் போடுறான், பொண்ணு பேன்ட் சட்டை போடுறா, வித்தியாசமே தெரியல. இது சரியா?

எது ஆம்பள டிரஸ் எது பொம்பள டிரஸ்ங்கிறது ஊருக்கு ஊர் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு. ஹைஹீல்ஸ் முதல்ல ஆம்பளைங்க போட்டது, பாரசீகக் குதிரை வீரர்கள் சேணத்துல கால் வைக்கிற வளையத்துல பிடிமானத்துக்காகப் போட்டது. பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி செவப்பு ஹீல்ஸ் போட்டுக்கிட்டு கம்பீரமா ஓவியத்துக்கு நின்னிருக்கார். அதே பிரான்ஸ்ல பாரிஸ் நகரத்துப் பொண்ணுங்க போலீஸ் அனுமதி இல்லாம பேன்ட் போடக்கூடாதுன்னு 1800ல போட்ட உத்தரவு, 2013 ஜனவரிலதான் செல்லாதுன்னு அதிகாரபூர்வமா சொன்னாங்க. யாரும் மதிக்காமயே ரொம்ப காலம் ஏட்டுல கிடந்துச்சு.

ஆனா இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லணும். பையன் டிரஸ்னா ஒரு முணுமுணுப்போட முடியுது, பொண்ணு டிரஸ்னா வீடே கூடி பஞ்சாயத்து பண்ணுது. கேட்டா பாதுகாப்புங்கிறாங்க. 2014ல அமெரிக்காவுல அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துல ஒரு கண்காட்சி வச்சாங்க, பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க அன்னைக்குப் போட்டிருந்தது போலவே துணிங்களை மாட்டி வச்சிருந்தாங்க. சாதாரண டீ-ஷர்ட், ஜீன்ஸ், அவ்ளோதான். தப்பு பண்றவன் துணியைப் பாத்துப் பண்றதில்ல. பாதுகாப்புதான் கவலைன்னா எங்க போற, யாரோட போற, எப்போ வருவ, போன்ல சார்ஜ் இருக்கான்னு கேளுங்க, கையோட பையனையும் உக்காத்தி வச்சு அடுத்தவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்லிக்குடுங்க.

காலைல 10 மணி வரைக்கும் தூங்குறாங்களே, சோம்பேறித்தனம் தானே?

டீன் ஏஜ்னா பெரும்பாலும் இல்லங்க. அந்த வயசுல தூக்கத்தைக் கொண்டு வர்ற மெலடோனின் ஹார்மோன் ராத்திரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் சுரக்க ஆரம்பிக்குது, உடம்போட கடிகாரமே தள்ளிப் போகுது. 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8லேர்ந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டர்கள் சங்கங்கள் சொல்லுது. இதை வச்சுத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014ல, பெரிய பசங்களுக்கு ஸ்கூல் காலைல 8.30க்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்கன்னு கேட்டுக்கிச்சு. கலிபோர்னியா மாநிலம் சட்டமே போட்டு 2022லேர்ந்து அதை அமல்படுத்துச்சு. நாங்கெல்லாம் 5 மணிக்கு எழுந்தோம்னு நீங்க சொல்றது உண்மை. ஆனா அன்னைக்கு 9 மணிக்கே விளக்கை அணைச்சாங்க.

அப்போ ராத்திரி 1 மணி வரைக்கும் போன் பாக்குறதும் ஹார்மோனா?

அது இல்ல. இங்க பெரியவங்க சொல்றது சரி. தூக்கம் ஏற்கெனவே தள்ளிப் போற வயசுல, கண்ணுக்கு நேரா வெளிச்சமும், முடிவே இல்லாம அடுத்தடுத்து ஓடுற வீடியோவும் சேந்தா இன்னும் தள்ளும். ஆனா ரூல் வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். ராத்திரி எல்லா போனும் ஹால்ல சார்ஜ்ல கிடக்கணும்னா அப்பா போனும் அங்கதான் கிடக்கணும், வாட்ஸப்ல குட் மார்னிங் படம் தேடிக்கிட்டு இருக்கிற பெரியப்பா போனும் அங்கதான்.

காதுல எப்பவும் இயர்போன், கூப்பிட்டாலே கேக்கல.

கூப்பிட்டா கேக்கலங்கிறதை விட பெரிய ஆபத்து காதுக்கு. உலக சுகாதார நிறுவனம் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் சத்தமா கேட்டுக் கேட்டு காதைக் கெடுத்துக்கிற அபாயத்துல இருக்காங்கன்னு எச்சரிக்குது. சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்குல 80னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் பரவால்ல, 90 ஆச்சுன்னா வெறும் 4 மணி நேரம்தான். உள்காதுல இருக்கிற மெல்லிய செல்கள் ஒரு தடவ செத்தா திரும்ப முளைக்காது. போன் செட்டிங்ஸ்ல சத்தத்துக்கு வரம்பு வைக்கலாம், அதை வச்சுக்குடுங்க, பாட்டைத் திட்டாதீங்க.

நான் மெசேஜ்ல "சரி." னு போட்டா பொண்ணு "ஏன் கோவமா இருக்கீங்க"ன்னு கேக்குறா. ஏன்?

அந்தப் புள்ளிதான். 2015ல அமெரிக்காவுல காலேஜ் பசங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒத்த வார்த்தை பதிலுக்குப் பின்னாடி முற்றுப்புள்ளி வச்சா மனசாரச் சொல்லாத மாதிரி தெரியுதுன்னு வந்துச்சு. அவங்களுக்கு மெசேஜ்ங்கிறது பேச்சு, நமக்கு அது கடுதாசி. புள்ளியை விட்டுடுங்க.

படிச்சு முடிச்சாச்சு, வேலையும் கிடைச்சாச்சு, ஆனா கல்யாணம் வேணாம் இப்போங்கிறாங்க. இது பொறுப்பில்லாத்தனம் இல்லயா?

உலகம் முழுக்க இது தள்ளித்தான் போகுது. அமெரிக்கக் கணக்குல 1956ல ஆம்பளைங்க முதல் கல்யாணம் நடுவாந்திரமா 22 வயசு, பொண்ணுங்களுக்கு 20. 2023ல 30ம் 28ம். படிப்பு நீண்டுடுச்சு, நிலையான வேலை லேட்டா அமையுது, வீட்டு வாடகை ஏறிடுச்சு. 2000த்துல ஜெஃப்ரி ஆர்னெட்ங்கிற உளவியலாளர், சின்னப் பசங்களும் இல்லாத முழுப் பெரியவங்களும் ஆகாத ஒரு தனிக் கட்டமே வாழ்க்கைல புதுசா வந்திருக்குன்னு எழுதினார். நீங்க 25 வயசுல தாண்டின படியை அவங்க 32ல தாண்டுறாங்க, படி அதேதான்.

எல்லாம் சரி, மரியாதை எங்க போச்சு? எதையும் எங்களைக் கேக்குறதே இல்ல.

எனக்கு இதான் எல்லாக் கேள்விக்கும் அடில இருக்கிற கேள்வின்னு தோணுது. டிரஸ்ஸையும் முடியையும் சாக்கா வச்சு பெரியவங்க உண்மைல கேக்குறது இதைத்தான், என்னை ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?

மார்கரெட் மீட்ங்கிற மானுடவியலாளர் 1970ல இதை நல்லா விளக்கினாங்க. மெதுவா மாறுற சமூகத்துல தாத்தா வாழ்ந்த மாதிரியே பேரன் வாழ்வான், அதனால தாத்தாவுக்குத் தெரிஞ்சதுதான் அறிவு. கொஞ்சம் வேகமா மாறினா பசங்க ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் கத்துப்பாங்க. ரொம்ப வேகமா மாறினா பெரியவங்க பசங்ககிட்ட கத்துக்க வேண்டியதா ஆயிடும். இன்னைக்கு போன்ல பணம் அனுப்ப, டிக்கெட் போட எல்லாத்துக்கும் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கு. 40 வருஷம் வீட்டையே தாங்கின மனுஷன் ஒரு பாஸ்வேர்டுக்காக 12 வயசுப் பிள்ளை முன்னாடி நிக்குறார், அதுவும் "எத்தனை தடவ சொல்றது தாத்தா"ன்னு சலிச்சுக்குது. அன்னைக்கு சாயந்திரம் அவர் அந்தப் பிள்ளை போட்டிருக்கிற டிரஸ்ஸைப் பத்தித் திட்டுவார். திட்டு டிரஸ்ஸுக்கு, காயம் வேற எங்கயோ.

அதனால பசங்களே, பெரியவங்களுக்கு நிஜமாவே தெரிஞ்ச விஷயத்துல அவங்களைத் தேடிப்போய்க் கேளுங்க. வேலைல சண்டை வந்தா எப்படி சமாளிச்சீங்க, கடன் வாங்கினப்போ எப்படி அடைச்சீங்க, கல்யாணமான புதுசுல எதுக்கு சண்டை வந்துச்சு. நடிக்க வேணாம், அந்த அனுபவம் உங்களுக்கு உண்மைலயே தேவைப்படும். போன் சொல்லிக்குடுக்கும்போது அவர் கைலயே குடுத்து அவரையே அழுத்த விடுங்க, பிடுங்கி நீங்களே பண்ணிட்டுத் திருப்பிக் குடுக்காதீங்க.

எதைச் சொல்லலாம், எதை விட்டுடலாம்? ஒரு கணக்கு இருக்கா?

நான் பாக்குற வரைக்கும் இப்படி: திரும்ப சரி பண்ண முடியுமான்னு முதல்ல யோசிங்க. முடி, கலர், டிரஸ், பாட்டு எல்லாம் மாறிடும், அதுல வாயைத் திறக்காம இருக்கிறது உங்க கையிருப்பு. காது, தூக்கம், போதை, ஹெல்மெட் இல்லாத பைக், கடன்ல வாங்குற போன், இதெல்லாம் உடம்பையும் வாழ்க்கையையும் கெடுக்கும், இதுக்கு அந்தக் கையிருப்பைச் செலவு பண்ணுங்க. எல்லாத்துக்கும் திட்டிக்கிட்டே இருந்தா முக்கியமான அந்த ஒரு நாள் உங்க குரல் அவங்க காதுல விழாது. அப்புறம் "நாலு பேர் என்ன சொல்வாங்க"ங்கிறதை மட்டும் காரணமா சொல்லாதீங்க, அந்த நாலு பேர் யாருன்னு பசங்க கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது.

எனக்கு 64 வயசு. ஜீன்ஸ், ஸ்னீக்கர்ஸ் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. இந்த வயசுல நல்லா இருக்குமா?

தாராளமா போடுங்க. பெரிய வட்டக் கண்ணாடியும் கலர் கலரா வளையலுமா இருந்த அமெரிக்கப் பெண்மணி ஐரிஸ் ஆப்ஃபெல் 97 வயசுல மாடலிங் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாங்க, 2024ல 102 வயசுல இறக்குற வரைக்கும் அதே பளபளப்போட இருந்தாங்க. முதல் தடவங்கிறதால கொஞ்சம் இழுபடுற துணியா, இடுப்பு இறுக்காம, உக்காந்து எழ வசதியா இருக்கானு போட்டுப் பாத்து வாங்குங்க. ஸ்னீக்கர்ஸ் சாயந்திரமா போய் வாங்குங்க, பகல் பூரா நடந்ததுல கால் லேசா வீங்கியிருக்கும், அப்போ சரியா இருந்தா எப்பவும் சரியா இருக்கும். பேத்தியையும் கூடக் கூட்டிட்டுப் போங்க, அவ வேணாம்னு சொல்ற கலர் உங்களுக்குப் பிடிச்சிருந்தா அதையே எடுங்க.